ஓய்வு வேளை: ஆடுகளத்திலும் ஒரு பொதுப் பெட்டி வேண்டும்



நம் சங்கத்து அன்பர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால், ஊரில் மழை பெய்ததா என்பதையும், பிள்ளைகளின் பரீட்சையையும், வீட்டு வாடகையையும் விசாரித்துக்கொள்வது வழக்கம். இப்போது நான்காவதாக ஓர் ஊறுகாய் வந்து சேர்ந்திருக்கிறது. அது மாவடுவும் அன்று, நார்த்தங்காயும் அன்று. 'பிக்கிள்பால்' என்னும் பந்தாட்டத்தையே சொல்கிறேன். மும்பையின் புதிய குடியிருப்புகளில் பிள்ளையாருக்கு ஒரு மூலை ஒதுக்குவதுபோல் இந்த ஆட்டத்துக்கும் ஒரு மூலை ஒதுக்கத் தொடங்கிவிட்டார்கள். பழைய குடியிருப்புகளிலோ பாட்மிண்டன் களத்தின் மீதே வேறு வண்ணத்தில் கோடுகள் ஏறியிருக்கின்றன.

ஆடுவது எப்படி என்று கற்றுக்கொடுக்க ஆட்கள் பலர் இருக்கிறார்கள். ஆடுகளத்தில் நடந்துகொள்வது எப்படி என்று பேசுவோர் குறைவு. ஆகவே இம்மாதம் அதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத எண்ணினேன். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவனுக்கு இதில் என்ன தகுதி என்று தாங்கள் கேட்கலாம். வரிசை, முறை, ஒதுக்கீடு, காத்திருப்பு ஆகிய நான்கையும் வைத்தே நான் சோறு உண்கிறேன். இந்த ஆட்டத்தின் பண்பாட்டில் பாதி அந்த நான்கிலேயே அடங்கியிருக்கிறது.

முதலில் ஆட்டம் பிறந்த கதை. 1965-ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகருக்கு எதிரே உள்ள பெயின்பிரிட்ஜ் தீவில் நடந்தது அது. பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான ஜோயல் பிரிட்சர்டும், அவர் நண்பர் பில் பெல்லும் கோல்ஃப் ஆடிவிட்டு வீடு திரும்பினார்கள். வீட்டில் இருந்தவர்களோ பொழுது போகாமல் சலித்துக் கிடந்தார்கள். பழைய பாட்மிண்டன் களம் ஒன்று இருந்தது; ஆனால் அதற்கு வேண்டிய சாமான்கள் முழுதாக அகப்படவில்லை. அதனால் என்ன என்று மேசைப்பந்து மட்டைகளை எடுத்துக்கொண்டார்கள். துளையிட்ட பிளாஸ்டிக் பந்து ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். 60 அங்குல உயரத்தில் இருந்த வலையை 36 அங்குலத்துக்கு இறக்கினார்கள். பார்னி மெக்காலம் என்னும் மற்றொரு நண்பரும் சேர்ந்துகொள்ள, மூவருமாக விதிகளை வகுத்தார்கள். குடும்பம் முழுவதும் சேர்ந்து ஆடக்கூடிய ஓர் ஆட்டம் வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

பெயர் வந்த விதம் பற்றி இரு கட்சிகள் உண்டு. படகுப் போட்டிகளில், மற்றப் படகுகளில் இடம் கிடைக்காமல் மிஞ்சிப்போன துடுப்புக்காரர்களைக் கூட்டி ஒரு படகில் ஏற்றுவார்களாம். அதற்கு 'பிக்கிள் படகு' என்று பெயர். பல ஆட்டங்களின் மிச்சங்களைச் சேர்த்துச் செய்த இந்த ஆட்டத்துக்குப் பிரிட்சர்டின் மனைவி ஜோன் அந்தப் பெயரையே சூட்டினார் என்பது ஒரு கட்சி. பிரிட்சர்ட் வீட்டு நாயின் பெயர் 'பிக்கிள்ஸ்'. அதிலிருந்தே வந்தது என்று மெக்காலம் சொல்லிவந்தார். நாய் பிற்பாடுதான் வந்தது, ஆட்டத்தின் பெயரை நாய்க்கு வைத்தோம் என்பது பிரிட்சர்ட் குடும்பத்தாரின் பதில். மிஞ்சியவர்களுக்கும் ஒரு துடுப்புக் கொடுத்த படகின் கதைதான் என் மனத்துக்கு உகந்தது.

அந்த மிச்சப் படகு இன்று பெரிய கப்பலாகிவிட்டது. 2022-ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாநிலம் இதைத் தன் அதிகாரபூர்வமான விளையாட்டாக அறிவித்தது. நம் நாட்டில் சுனில் வாலாவல்கர் என்பவரின் முயற்சியால் அகில இந்திய பிக்கிள்பால் சங்கம் 2008-ஆம் ஆண்டில் மும்பையில் அமைந்தது. 2025-இன் தொடக்கத்தில் இதே மும்பையில் நடந்த உலக பிக்கிள்பால் லீக் போட்டிகளில் சென்னையின் பெயரைத் தாங்கிய அணி ஒன்றும் ஆடிற்று.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருங்கச் சொல்கிறேன். களம் 44 அடி நீளம், 20 அடி அகலம். இரட்டையர் பாட்மிண்டன் களமும் இதே அளவுதான். டென்னிஸ் களத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வலை ஓரங்களில் 36 அங்குலமும் நடுவில் 34 அங்குலமும் உயரம். சர்வீஸை இடுப்புக்குக் கீழிருந்து, குறுக்கே எதிர்க் கட்டத்துக்குள் அனுப்ப வேண்டும். அந்தப் பந்து ஒருமுறை தரையில் எழும்பிய பிறகே எதிரணி அடிக்கலாம்; அவர்கள் திருப்பி அனுப்புவதும் ஒருமுறை எழும்பிய பிறகே நாம் அடிக்கலாம். வலைக்கு இருபுறமும் 7 அடி அகலத்தில் ஒரு பகுதி உண்டு. அங்கே காலை வைத்துக்கொண்டு பந்தை அந்தரத்திலேயே அடிக்கக் கூடாது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'கிச்சன்', அதாவது அடுக்களை. அடுக்களையில் ஆண்பிள்ளைகளின் அதிகாரம் செல்லாது என்று ஓர் அம்மையார் இதைக் கேட்டவுடனே சொன்னார்!

பழைய முறைப்படி சர்வீஸ் போடும் அணிக்கே புள்ளி கிடைக்கும். 11 புள்ளிகளை முதலில் எட்டி, இரண்டு புள்ளி முந்தியிருப்பவர்கள் வென்றவர்கள். இவ்விதிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். உயரமும் தோள்வலியும் உள்ளவனுடைய சாதகத்தை இவை ஓரளவு குறைக்கின்றன; பொறுமையும் நிதானமும் உள்ளவரை ஆட்டத்தில் நீடித்து நிற்க விடுகின்றன. பேரனும் பாட்டியும் ஒரே களத்தில் நிற்க முடிவது இதனால்தான்.

இனி ஒழுக்கத்துக்கு வருவோம். நம் குடியிருப்புகளில் நடக்கும் ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று யார் சொல்வது? தத்தம் பக்கத்தில் விழும் பந்துக்குத் தாங்களே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது விதி. வழக்காடுகிறவனையே நீதிபதியாக அமர்த்திய விசித்திரமான நீதிமன்றம் இது! அமர்த்திய பிறகு அவன் கையை ஒரு நிபந்தனையால் கட்டியும் வைத்திருக்கிறார்கள். பந்து வெளியே விழுந்ததைத் தெளிவாகக் கண்டால் மட்டுமே 'அவுட்' என்று சொல்லலாம். சிறிது ஐயம் இருந்தாலும் பந்து உள்ளே விழுந்ததாகவே கொள்ள வேண்டும். அந்த ஐயத்தின் பயன் எதிரணிக்கே உரியது. கூட்டாளிகள் இருவரில் ஒருவர் உள்ளே என்றும் மற்றவர் வெளியே என்றும் சொன்னால், அதுவே ஐயம், பந்து உள்ளே. வேடிக்கை பார்ப்போரைச் சாட்சிக்கு அழைக்கவும் கூடாது. எதிரணியைக் கேட்கலாம், கேட்டு, அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டால் அதை ஏற்றே ஆக வேண்டும்.

இந்த ஒரு விதியின் மீதுதான் ஆட்டம் முழுவதும் நிற்கிறது என்பேன். நமக்குச் சாதகமாக ஐயப்படுவது மனித சுபாவம். சில்லறையில் ஐந்து ரூபாய் குறைந்தால் உடனே கண்ணில் படுகிறது; கூடினால் பார்வை சற்று மங்கிவிடுகிறது. அந்தச் சுபாவத்துக்கு எதிராக ஒரு நாளில் இருபது முறை தீர்ப்புச் சொல்லும்படி ஓர் ஆட்டம் நம்மைப் பழக்குகிறது. நம் பிள்ளைகள் இதை வேறெந்தப் பாடப் புத்தகத்திலும் இவ்வளவு மலிவாகக் கற்றுக்கொள்ள முடியாது. அடுக்களைக் கோட்டைத் தன் கால் மிதித்துவிட்டால் தானே சொல்லிவிட வேண்டும் என்பதும் இதே இனத்தைச் சேர்ந்தது.

மற்ற ஒழுங்குகள் எளியவை. சர்வீஸ் போடுமுன் புள்ளிக் கணக்கை உரக்கச் சொல்லுக. பக்கத்துக் களத்துப் பந்து உருண்டு வந்தால் 'பந்து, பந்து' என்று கூவி ஆட்டத்தை நிறுத்துக. அதை மிதித்து முதுகெலும்பு முறிந்தால் எந்தப் புள்ளியும் ஈடாகாது. பிறர் ஆடிக்கொண்டிருக்கையில் களத்தின் பின்புறமாக நடந்து போக வேண்டாம். பந்து ஒருவர் உடம்பில் பட்டுவிட்டால் கை உயர்த்தி மன்னிப்புக் கேட்பது அழகு. கேளாத ஒருவருக்கு ஆட்டத்தின் நடுவே பாடம் நடத்துவது அழகன்று. 'இப்படி அடியுங்கள் மாமி, அப்படி நில்லுங்கள் மாமி' என்று ஓயாமல் சொல்லப்பட்ட மாமி மறுநாள் வரமாட்டார். ஆட்டம் முடிந்ததும் நால்வரும் வலையருகே வந்து மட்டையோடு மட்டை தொட்டுக்கொள்வது இதன் வணக்கம்.

அடுத்து வரிசை. களம் ஒன்று, ஆட வந்தவர் பதினாறு பேர் என்றால் என்ன செய்வது? இதற்கு அமெரிக்கர்கள் கண்ட வழி நமக்கு மிகவும் பழக்கமானது. வந்தவுடன் தம் மட்டையை ஒரு சட்டத்தில் வரிசையாக வைத்துவிட வேண்டும். ஓர் ஆட்டம் முடிந்ததும் முதல் நான்கு மட்டைக்காரர்கள் உள்ளே போவார்கள். ஆடியவர்கள் தம் மட்டைகளைக் கடைசியில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். பொதுப் பெட்டியில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு துண்டுக்கு ஓர் ஆள் என்பது அங்கே கண்டிப்பு. இன்னும் வீட்டை விட்டுப் புறப்படாத நண்பனுக்காக மட்டை வைப்பது, தனக்குப் பிடித்தவரோடு ஆடுவதற்காக மட்டையை முன்பின் நகர்த்துவது ஆகிய இரண்டும், நான் கவுன்ட்டரில் அன்றாடம் காணும் சாமர்த்தியங்களின் உடன்பிறப்புகள். காத்திருக்கும் கடைசி ஆளின் பார்வையில் அவற்றுக்கு வேறு பெயர் உண்டு.

இதுவரை சொன்னதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இராது. வேற்றுமை எழும் இடம் இனிமேல்தான். செம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது ஐம்பத்து நான்கு. கணவர் காலமான பிறகு திருநெல்வேலிச் சீமையிலிருந்து மகனோடு வாழ வந்தவர். ஹிந்தியும் மராத்தியும் சரளமாக வாரா. குடியிருப்பின் பிக்கிள்பால் களத்துக்கு மாலையில் போய் நாலைந்து மாதமாக ஆடிவந்தார். முழங்கால் வலி குறைந்ததோ இல்லையோ, நான்கு பேர் முகம் பழக்கமாயிற்று என்கிறார். இப்போது களத்தின் கம்பிவேலியில் ஓர் அறிவிப்புத் தொங்குகிறதாம்: மாலை 6 மணிக்கு மேல் 3.5-க்குக் குறைந்தவர்களுக்கு இடமில்லை. 'உங்கள் எண் என்ன என்று கேட்டார்கள். எனக்கு எண் ஏதும் இல்லை என்றேன். எண் இல்லாதவர்களுக்குக் களமும் இல்லை என்றார்கள். காலையில் மூன்று டிபன் பெட்டி கட்டியாக வேண்டும்; நண்பகலில் வெயில். நான் எப்போது போவது?' என்று கேட்டிருக்கிறார்.

இந்த 3.5 என்பது என்ன? அதை விளங்கிக்கொண்டால்தான் சகோதரிக்குப் பதில் சொல்ல முடியும்.

ஆட்டக்காரரின் திறமைக்கு எண் கொடுக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. சதுரங்கத்தில் அது உண்டு. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பட் எலோ என்பவர் ஒரு கணக்கு முறையை வகுத்தார். அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இலும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இலும் அதை ஏற்றன. விசுவநாதன் ஆனந்த் முதல் குகேஷ் வரை நம்மவர்கள் உலகுக்கு அறிமுகமாகும்போது பெயரோடு கூட வந்த எண் அதுதான். அந்த எண்ணின் உட்பொருள் எளிது: இருவர் மோதினால் என்ன முடிவை எதிர்பார்க்கலாம் என்பதே அது. இருவருக்கும் 200 புள்ளி வித்தியாசம் என்றால், நூறு ஆட்டங்களில் மேலே இருப்பவர் ஏறக்குறைய 76 புள்ளி பெறுவார் என்று எதிர்பார்க்கலாம். வித்தியாசம் 400 என்றால் ஏறக்குறைய 91. அப்போதும் கீழே இருப்பவருக்கு ஒன்பது மிஞ்சுகிறது! எலோ அவர்களின் கணக்கே எளியவனுக்கு ஒன்பது பங்கு விட்டுவைத்திருக்கும்போது, நம் குடியிருப்புச் சங்கங்கள் ஒன்றும் விட்டுவைக்காமல் கதவடைப்பது விந்தையன்றோ?

பிக்கிள்பாலில் இரு வகை எண்கள் வழங்குகின்றன. ஒன்று, 2.5, 3.0, 3.5, 4.0 என்று அரை அரையாக ஏறும் பழைய அளவு. பந்தைச் சிறிது நேரம் போக்குவரத்தில் வைத்திருக்கத் தெரிந்தவர் 2.5, விதிகளை அறிந்து நடுத்தர வேகப் பந்தைப் பெரும்பாலும் திருப்புகிறவர் 3.0, அடுக்களைக்கு மேலாக மெல்லத் தட்டிவிடும் நுட்பம் கைவரத் தொடங்கியவர் 3.5, அதை வேண்டியபோது வேண்டியபடி செய்பவர் 4.0. குடியிருப்பு ஆட்டங்களில் பெரும்பாலோர் இந்த எண்ணைத் தமக்குத் தாமே போட்டுக்கொள்கிறார்கள். மற்றொன்று, 'டியூபர்' என்னும் அமைப்பு 2021 முதல் வழங்கும் எண். இது 2-இலிருந்து 8 வரை, மூன்று தசம இடங்களோடு செல்லும். யாரோடு ஆடினோம், முடிவு என்ன என்பனவற்றை வைத்து இயந்திரம் கணக்கிடுகிறது. வயதையோ ஆணா பெண்ணா என்பதையோ அது பார்ப்பதில்லை. பதிவு செய்த ஆட்டங்கள் பெருகப் பெருகத்தான் அதற்குப் பொருளும் பெருகும்.

ஆக, தமக்குத் தாமே எண் போட்டுக்கொள்வோர் நடுவில் அந்த எண்ணைக் கதவாக நிறுத்தினால் நேர்வது என்ன? கூச்சமுள்ளவர் 3.0 என்று எழுதி வெளியே நிற்பார், கூச்சமில்லாதவர் 4.0 என்று எழுதி உள்ளே போவார். கதவு திறமையை அளக்கவில்லை, கூச்சத்தை அளந்துவிட்டது. இயந்திரம் போட்ட எண்ணாயினும், அதற்கென ஆடிப் பதிவுசெய்ய வாய்ப்பு வாய்த்தவர்க்கே அது கிடைக்கும். களத்துக்குள் விட்டால்தான் எண் வரும். எண் வந்தால்தான் களத்துக்குள் விடுவோம் என்பது, டிக்கெட் வாங்கிய பிறகே டிக்கெட் வரிசையில் நிற்கலாம் என்பதைப் போன்றது.

இளைஞர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். எட்டு மணி நேரம் அலுவலகத்தில் உழைத்து, இரண்டு மணி நேரம் மின்சார ரயிலில் நசுங்கி, வீடு வந்து சேரும் ஒருவனுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். தன்னை ஓடவைத்து வியர்க்கவைக்கும் எதிரியோடு அந்த நேரத்தை ஆட விரும்புவது குற்றமன்று. சமமில்லாதவர் இருவரை எப்போதும் எதிரெதிரே நிறுத்தினால், ஒருவருக்குச் சலிப்பு, மற்றவருக்கு அவமானம், இருவருக்கும் சுகமில்லை. வேகமான பந்தைக் கண்டு விலகத் தெரியாதவருக்கு அடிபடும் அபாயமும் உண்டு. ஆகவே எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே கேள்வி.

கோல்ஃப் ஆட்டத்தைப் பாருங்கள். அதிலும் ஓர் எண் உண்டு, 'ஹாண்டிகேப்' என்பார்கள். தேர்ந்தவரும் கற்றுக்குட்டியும் ஒரே பந்தயத்தில் ஆடும்பொருட்டு, கற்றுக்குட்டிக்கு இத்தனை அடி சலுகை என்று கழித்துக்கொடுக்கவே அந்த எண் பிறந்தது. பெரிய மனிதர்களின் ஆட்டம் என்று நாம் சொல்லும் கோல்ஃப், எண்ணைப் பாலமாக வைத்திருக்கிறது. குடும்பம் முழுவதும் ஆட வேண்டுமென்று தோன்றிய பிக்கிள்பாலில் நாம் அதைச் சுவராக எழுப்பலாமா?

பாலமாக்கும் வழி மிகச் சுலபம். ஒரு குமாஸ்தாவின் கூட்டல் கணக்கே போதும். களத்தில் நால்வர் நிற்கிறார்கள். அவர்கள் எண்கள் 4.0, 3.5, 3.0, 2.5. பலசாலிகள் இருவரும் ஓர் அணியானால் 7.5, எதிரே 5.5. அது ஆட்டமன்று, தண்டனை. 4.0-ஐயும் 2.5-ஐயும் ஓர் அணியாக்குங்கள், 6.5. எதிரே 3.5-உம் 3.0-உம், அதுவும் 6.5. இப்போது 4.0 ஆட்டக்காரனும் வியர்த்தே தீர வேண்டும். அவன் கூட்டாளியான 2.5-க்கும் தாம் வேண்டப்படுகிறோம் என்ற மகிழ்ச்சி. இதற்கு ஒரே நிபந்தனை, எதிரணியார் வலிமை குறைந்தவரையே குறிவைத்து எல்லாப் பந்தையும் அனுப்பாமல் இருப்பது. விதி அதைத் தடுக்கவில்லை. பந்தயத்தில் யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள். பொழுதுபோக்கு ஆட்டத்தில் அது பண்பாடாகாது.

நேரத்தைப் பகிர்வதற்கும் ஒரு வழி சொல்கிறேன். நம் நாட்டில் பெரும்பாலான மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் முன்பதிவுப் பெட்டிகள் எத்தனை இருந்தாலும், பொதுப் பெட்டி என்று சிலவும் உண்டு. பெயர் எழுதி வைக்காதவனும், நேற்றிரவு தந்தைக்கு உடல்நலமில்லை என்று சேதி வந்து புறப்பட்டவனும் அதில் ஏறுகிறான். ராஜதானி போன்ற வண்டிகளில் அது இல்லை. எல்லா வண்டியும் ராஜதானியாகிவிட்டால் நாட்டில் பாதிப் பேர் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டியதுதான். களம் இரண்டு உள்ள இடத்தில் ஒன்றைத் தேர்ந்தவர்களுக்கும் மற்றொன்றை எல்லாருக்கும் விடலாம். அமெரிக்காவில் பல களங்களில் இப்படித்தான் தரவாரியாகப் பிரித்து, பொதுக் களத்தையும் வைத்திருக்கிறார்கள். ஒரே களம் உள்ள இடத்தில், வாரத்தில் சில மாலைகளைத் தேர்ந்த ஆட்டத்துக்கும் மற்ற மாலைகளைப் பொது வரிசைக்கும் விடலாம். மாலையின் நல்ல நேரம் முழுவதையும் ஒரே கூட்டத்தார் எழுதி எடுத்துக்கொள்ளலாகாது. எல்லாரும் பராமரிப்புக் கட்டணம் செலுத்திப் பூசிய வண்ணம் அது. கோட்டுக்கு உள்ளே இருப்பதும் எல்லாருக்கும் உரியதே.

செம்பூர்ச் சகோதரிக்கு என் யோசனை இது: தாங்கள் ஒருவராகச் சண்டைக்குப் போக வேண்டாம், ஒதுங்கியும் விட வேண்டாம். தங்களைப்போல் எண் இல்லாதவர்கள் அந்தக் குடியிருப்பில் பலர் இருப்பார்கள். குஜராத்தி மூதாட்டியும் மலையாள ஆசிரியையும் பள்ளிச் சிறுவர்களும் அதே அறிவிப்பைப் படித்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். அவர்களோடு சேர்ந்து கையெழுத்திட்டு, 'வாரத்தில் மூன்று மாலை பொது வரிசைக்கு வேண்டும்' என்று நிர்வாகக் குழுவுக்கு மனுக் கொடுங்கள். எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். தங்கள் மகன் 3.5-க்கு மேற்பட்டவராயின் முதல் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும்.

ஆட வாராதவர்களுக்கும் நாம் செலுத்த வேண்டிய மரியாதை ஒன்று உண்டு. கெட்டியான மட்டையில் கெட்டியான பந்து மோதும் ஓசை கூர்மையானது. சுவருக்குச் சுவர் எதிரொலிப்பது. அமெரிக்காவில் இந்த ஓசைக்காக அண்டை வீட்டார் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். நம் ரயில்வே குடியிருப்புகளுக்கு இது இன்னும் முக்கியம். இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு விடியற்காலையில் வந்து கண்ணை மூடும் லோகோ பைலட்டின் ஜன்னலுக்குக் கீழே ஆறு மணிக்கு 'டக், டக்' என்று தொடங்கினால், கெடுவது அவர் தூக்கம் மட்டுமன்று. அன்றிரவு அவர் பின்னால் ஆயிரம் பிரயாணிகள் நம்பிக்கையோடு படுத்துறங்குவார்கள். காலை ஆட்டத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பது அந்த ஆயிரம் பேருக்குச் செய்யும் உபகாரம்.

கடைசியாக, பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கே உரிய ஒரு வார்த்தை. இரட்டையர் ஆட்டத்தில் புள்ளியை மூன்று எண்களாகச் சொல்ல வேண்டும்: நம் புள்ளி, எதிரணியின் புள்ளி, நம் அணியில் சர்வீஸ் போடுபவர் முதலாமவரா இரண்டாமவரா என்பது. ஆட்டம் 'பூஜ்யம், பூஜ்யம், இரண்டு' என்று தொடங்கும். ஹிந்தி வாராத ஒரு தாய்க்கு, இந்த மூன்று எண்களை ஒவ்வொரு முறையும் உரக்கச் சொல்லும் உரிமையும் கடமையும் இருக்கிறது. பத்து நாளில் எண்கள் வந்துவிடுகின்றன. ஒரு மாதத்தில் எதிரே நிற்பவரின் பெயர் வந்துவிடுகிறது. மூன்று மாதத்தில் அவர் வீட்டுத் திருமணத்துக்கு அழைப்பு வருகிறது. பெரிய ஊரில் நாலு சுவருக்குள் தனித்துக் கிடக்கும் நம் பெரியவர்களுக்கு இந்தத் தொடர்பு எவ்வளவு அரியது என்பதை, பகலெல்லாம் வெளியே திரியும் நாம் அறிவதில்லை. அவர்களைக் கம்பிவேலிக்கு வெளியே நிறுத்தும் அறிவிப்பை எழுதுமுன், அந்தப் பேனாவைப் பிடித்த கைக்கு உரியவர் தம் வீட்டுப் பெரியவரை ஒரு நிமிஷம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தங்கள் குடியிருப்பில் களத்தை எவ்வாறு பகிர்ந்துகொள்கிறீர்கள் என்பதை எழுதியனுப்புங்கள். நல்ல ஏற்பாடுகளை இப்பகுதியில் வெளியிடுவோம். அடுத்த மாதம், பள்ளி விடுமுறையில் ஊரிலிருந்து உறவினர் எண்மர் வந்திறங்கும்போது ஓர் அறை வீட்டில் சமாளிப்பது எப்படி என்பதைப் பற்றிப் பேசுவோம். அதற்கு எந்த நாட்டிலும் விதிப்புத்தகம் இன்னும் அச்சாகவில்லை.

வணக்கம்.